சோலோ டிரிப்பில் பேச்சுத்துணை வேண்டுமா? மலைக்கோட்டையை விட்டு முசிறி பக்கம் போங்க!

சோலோ டிரிப் கிளம்புகிற எல்லோரும் தனிமையைத் தேடிப் போவதில்லை. நமக்கு லீவு கிடைக்கும்போது ஃப்ரெண்ட்ஸுக்குக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். முதல் நாள் ஜாலியாகப் போகும். இரண்டாம் நாள் ராத்திரி, தோசைக்கு எதிரே போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடும்போதுதான் தோன்றும்: நம்மை மாதிரி தனியா வந்தவங்க இந்த ஊர்ல வேற யாராவது இருப்பாங்களா?

இருப்பார்கள். ஆனால் பெரிய இடங்களில் கண்ணில் பட மாட்டார்கள். திருச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர், 21 கோபுரங்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு வேனில் வந்து, தரிசனம் முடித்து, அடுத்த ஊருக்குப் பறப்பவர்கள். அந்தக் கூட்டத்தில் தனியாக வந்தவரும் குடும்பத்தோடு வந்தவர் மாதிரிதான் தெரிவார். மலைக்கோட்டையிலும் இதே கதைதான்.

திருச்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் மேற்கே, காவிரியின் வடகரையில் இருக்கிறது முசிறி. எதிர்க்கரையில் குளித்தலை. நடுவில் அகண்ட காவிரி, அதன் மேல் நீளமான பாலம். 'பார்க்க வேண்டிய 10 இடங்கள்' பட்டியல்களில் முசிறி பெரும்பாலும் வராது. அதுவே நமக்கு வசதி. வெளியூர்க்காரர்கள் குறைவு என்பதால் ஒருவர் இன்னொருவர் கண்ணில் படாமல் போக முடியாது.

ஒரே நாள், மூன்று கோயில்

இந்த வட்டாரத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. காலையில் குளித்தலை கடம்பவனேஸ்வரர், உச்சிவேளையில் அய்யர்மலை ரத்தினகிரீஸ்வரர், மாலையில் திருஈங்கோய்மலை மரகதாசலேஸ்வரர். மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது விசேஷம் என்பது நம்பிக்கை. கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமைகளில் இதற்கென்றே பலர் வருவார்கள்.

பக்தி இருக்கிறதோ இல்லையோ, தனியாகப் பயணிப்பவருக்கு இதைவிட நல்ல ரூட் கிடைப்பது கஷ்டம். எல்லோரும் ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகர்கிறார்கள். காலையில் கடம்பர் கோயிலில் பார்த்த முகத்தை மத்தியானம் மலைப்படியில் பார்ப்பீர்கள். சாயங்காலம் மூன்றாவது முறை பார்க்கும்போது, "நீங்களும் வந்துட்டீங்களா?" என்று தானாக வாயில் வந்துவிடும். முன்பின் தெரியாதவரிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்ற தயக்கத்துக்கே வேலையில்லை.

அய்யர்மலைக்கு 1,017 படிகள். இந்த நாளின் முக்கியமான இடம் இதுதான். யாராலும் ஒரே மூச்சில் ஏற முடியாது. நடுவில் உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் கை மாறும். இந்த மலைக்கு மேலே காகம் பறக்காது என்று ஒரு நம்பிக்கை வேறு உண்டு. அதைக் கேள்விப்பட்டு வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சுக்கு இது போதாதா? 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் ஆள் பழக வேண்டுமென்றால் படிதான் சரி.

போவது எப்படி? காலையில் ஈரோடு மார்க்கத்தில் போகும் ரயிலில் குளித்தலை. அங்கிருந்து தெற்கே சுமார் 8 கிலோமீட்டரில் அய்யர்மலை. திரும்பி வந்து பாலத்தைத் தாண்டினால் முசிறி. அங்கிருந்து நாமக்கல், சேலம் சாலையில் சில கிலோமீட்டர் போனால் திருஈங்கோய்மலை. ஆட்டோவுக்கு மூன்று பேர் சேர்ந்தால் செலவும் மூன்றில் ஒரு பங்கு. நட்பு பல நேரம் அப்படித்தான் தொடங்குகிறது.

மாஸ்கோ பக்கத்திலும் இதே கதை

இது நம்ம ஊர் விஷயம் மட்டும் இல்லை. மாஸ்கோவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் செர்கியெவ் போசாத் என்ற சிறு நகரம் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பெரிய மடாலயம் அங்கே உண்டு; 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 'எலெக்ட்ரிச்கா' என்கிற புறநகர் ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். செஞ்சதுக்கத்தில் ஆளுக்கு ஒரு திசையில் செல்ஃபி எடுப்பவர்கள், இங்கே ஒரே ரயிலில் வந்து, ஒரே மடத்தைப் பார்த்து, ஒரே ரயிலுக்குக் காத்திருப்பார்கள்.

ரஷ்யர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வரிசையில் சேரும்போது "கடைசி ஆள் யார்?" என்று கேட்பார்கள். பதில் சொன்னவருக்குப் பின்னால் நம் இடம் உறுதி. முன்பின் தெரியாத இருவர் பேசியே ஆக வேண்டிய ஏற்பாடு! 2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்களுக்கு ரஷ்யா இ-விசா தருவதால், ஐ.டி. வேலையிலிருந்து இரண்டு வாரம் லீவு போட்டுப் போகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தங்குவது எங்கே?

ஹாஸ்டல் என்ற ஏற்பாட்டை ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் பரப்பினார். 1912-ல் அல்டேனா கோட்டையில் நிரந்தர விடுதி வந்தது. நம்மிடம் அதற்கு வெகு காலம் முன்பே சத்திரம் இருந்தது. திருச்சியின் சத்திரம் பேருந்து நிலையத்தின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்று முசிறியில் பேக்பேக்கர் ஹாஸ்டலைத் தேடாதீர்கள். தனியாக வருபவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ரூம் தரத் தயங்கும் லாட்ஜ்கள் சின்ன ஊர்களில் இன்னும் இருக்கின்றன. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தைப் பதிய வேண்டும் என்பதால் சிலர் "ரூம் இல்லை" என்றே சொல்லிவிடுவார்கள். இந்தத் தயக்கம் மாற வேண்டும்; மாறும்வரை திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ தங்கி, பகலில் போய் வருவதே நடைமுறைக்கு ஏற்றது. ஸ்ரீரங்கத்தில் கோயிலின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது.

"தனியாவா வந்தீங்க?"

பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா முதல் டீக்கடை அண்ணன்வரை இதைக் கேட்பார்கள். பெரும்பாலும் அக்கறைதான். எரிச்சல்படவும் வேண்டாம், முழுக் கதையும் சொல்ல வேண்டாம். "ஃப்ரெண்ட்ஸ் திருச்சில இருக்காங்க" போதும். அன்று காலையில் அறிமுகமான சக பயணியிடமும் தங்கும் இடத்தின் பெயரையோ ரூம் நம்பரையோ சொல்லாதீர்கள். லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. சேர்ந்து ஆட்டோ பிடிக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம். கணக்கை அன்றன்றே முடித்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை நவம்பர் நடுவில் பிறக்கும். திங்கட்கிழமை லீவு சொல்ல வேண்டியிருக்கும். கோயில்களின் நடை திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துவிடுங்கள். திருஈங்கோய்மலையிலிருந்து இருட்டுவதற்குள் இறங்கினால், முசிறி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டே திருச்சி பஸ் ஏறலாம்.