மனோதத்துவம் படிக்கலாமா? 3 வருஷம் போதுமா?

பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்துவிட்டது. அரூர் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயி வீடு என்று வைத்துக்கொள்வோம். மகள் நல்ல மார்க் வாங்கி இருக்கிறாள்.

"அடுத்து என்ன படிக்கப் போறே, கண்ணு?" என்று கேட்கிறார், தகப்பனார்.

"சைக்காலஜி படிக்கிறேன், அப்பா."

"அது என்ன படிப்பு?"

"மனசைப் பத்தின படிப்பு."

அடுப்படியில் இருந்து தாயார் எட்டிப் பார்க்கிறாள்.

"பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறதா? அதைப் படிச்சா உன்னை யாரு கட்டிக்குவாங்க?"

தாயாருக்குப் பதில் சொல்வது சுலபம். தகப்பனார் அடுத்தபடி கேட்கப் போகும் கேள்விகள்தான் கஷ்டமானவை. எத்தனை வருஷம் படிக்க வேண்டும்? எங்கே படிக்க வேண்டும்? முடித்தால் என்ன வேலை?

இதற்கெல்லாம் பதில் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். ஏனென்றால், பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு மூன்றாம் வருஷம் முடிவில் விழிக்கிற படிப்புகளில் இதுவும் ஒன்று.

கோடு செய்யும் மாயம்

முன்பு இதை மனோதத்துவம் என்றார்கள். இப்போது உளவியல் என்கிறார்கள். இது ஜோசியம் அல்ல. எதிரே இருப்பவர் மனதில் நினைப்பதைக் கண்டுபிடிக்கும் வித்தையும் அல்ல.

ஒரு தாளில், ஒரே நீளத்தில் 2 கோடுகள் போடுங்கள். முதல் கோட்டின் இரு முனைகளிலும் அம்புக்கு இருப்பதுபோல உள்பக்கம் மடங்கிய சிறகு வரையுங்கள். இரண்டாவது கோட்டின் முனைகளில் சிறகு வெளிப்பக்கம் விரிந்திருக்கட்டும். இப்போது பாருங்கள். இரண்டாவது கோடு நீளமாகத் தெரியும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் இரண்டும் சமம்!

1889-ம் ஆண்டில் முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் இதை எடுத்துக் காட்டினார். கண் ஏன் ஏமாறுகிறது? ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கூடுதலாகத் தெரிகிறது? பலரைப் பார்க்கச் சொல்லி, அளந்து, கணக்குப் போட்டு, நோட்டில் எழுத வேண்டும். உளவியல் மாணவர்கள் செய்யும் பழைய சோதனைகளில் இது ஒன்று.

கணக்கு என்றால் காத தூரம் ஓடுகிறவர்கள் கவனிக்க: இந்தப் படிப்பில் புள்ளியியல் உண்டு. மூளை, நரம்பு பற்றிய பாடமும் உண்டு. குழந்தை எப்படி வளர்கிறது, கூட்டத்தில் சேர்ந்தால் மனிதன் ஏன் மாறிவிடுகிறான் என்பதும் பாடம்.

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் 1879-ல் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் இதற்கென்றே ஒரு சோதனைச்சாலை வைத்தார். நம் நாட்டில் முதலில் 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் துறை தொடங்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1943-ல் வந்தது. ஆகவே இது நேற்று முளைத்த படிப்பு அல்ல.

டாக்டர் வேறு, உளவியலர் வேறு

மாத்திரை எழுதிக் கொடுப்பவர் மனநல டாக்டர். அவர் முதலில் எம்.பி.பி.எஸ். படித்து, பிறகு மனநோய் மருத்துவத்தில் மேல் படிப்பு படித்தவர். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியைப் பல ஆண்டுகள் நடத்திய டாக்டர் சாரதா மேனன் அப்படிப்பட்டவர். இந்தியாவின் முதல் பெண் மனநல டாக்டர் என்று பெயர் பெற்றவர்.

பி.எஸ்சி. உளவியல் படித்தவர் மாத்திரை எழுத முடியாது. ஊசி போட முடியாது. மேலும் படித்துப் பயிற்சி பெற்றால், பேச்சினாலும் பரிசோதனைகளாலும் நோயாளிக்கு உதவி செய்யலாம். ஆஸ்பத்திரியில் டாக்டரும் அவரும் சேர்ந்து வேலை செய்வார்கள்.

25 வயது வரை கணக்கு

இனிதான் முக்கியமான விஷயம்.

பி.ஏ. அல்லது பி.எஸ்சி. உளவியல் 3 வருஷம். 18 வயதில் சேருகிற பெண் 21 வயதில் முடிப்பாள். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு "நான் மருத்துவ உளவியலர்" என்று போர்டு மாட்ட முடியாது. சட்டம் இடம் கொடுக்காது.

பிறகு எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. 2 வருஷம். வயது 23.

அதற்கும் மேலே ஆஸ்பத்திரியில் மேற்பார்வையோடு பயிற்சி உள்ள படிப்பு ஒன்று வேண்டும். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் இதைச் சொல்கிறது. 2 வருஷ எம்.பில். படிப்பாக இது இருந்து வந்தது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இதற்குப் பெயர் பெற்ற இடம். ஆர்.சி.ஐ. என்று சொல்லப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் படிப்புக்கு இருக்க வேண்டும். படித்தவர் அங்கே பெயரும் பதிய வேண்டும். இத்தனையும் முடிந்தால் வயது 25. நுழைவுத் தேர்வில் ஒரு வருஷம் தவறினால் 26.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. நாடு முழுவதும் எம்.பில். பட்டத்தை நிறுத்த 2022-ல் விதி போட்டார்கள். மருத்துவ உளவியல் எம்.பில்.லுக்கு 2025-26 கல்வி ஆண்டு வரை அனுமதி நீட்டினார்கள். ஆகவே இன்று கல்லூரியில் சேரும் மாணவி 5 வருஷம் கழித்துப் பார்க்கப் போவது வேறு பெயருள்ள படிப்பாக இருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் ஆர்.சி.ஐ. பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண்ணை 25 வயது வரை படிக்க வைக்க வேண்டுமா? நம் பக்கத்தில் இதுதான் பெரிய கேள்வி. 21 வயதில் "போதும், மாப்பிள்ளை பார்த்தாச்சு" என்று நிறுத்தினால் அவள் கையில் பாதிச் சாவிதான் இருக்கும். எனவே இந்த வயதுக் கணக்கைச் சேருகிற அன்றே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் பேசினால் அழுகையில்தான் முடியும்.

தபால் வழி மூடிவிட்டது

"வீட்டில் இருந்தே தபாலில் படித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பஸ் செலவும் விடுதிச் செலவும் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. முன்பு அப்படிப் பலர் படித்தார்கள்.

இப்போது முடியாது. 2025 ஜூலை-ஆகஸ்டு சேர்க்கை முதல், தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் உளவியல் பட்டப் படிப்பு நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவு போட்டுவிட்டது. உடல் நலம், மனநலம் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு 2021-ல் வந்த ஒரு சட்டத்தில் உளவியலும் சேர்ந்திருப்பதே காரணம். மனிதர்களோடு பழகிப் பயிற்சி பெற வேண்டியதை வீட்டில் புத்தகம் வைத்துப் படித்தால் போதாது என்று நினைக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் பஸ் காசுக்குக் கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய அடிதான்.

இது தெரியாமல் யாராவது ஏஜெண்டு "வீட்டில் இருந்தே சைக்காலஜி பட்டம்" என்று புதிதாகச் சேர்க்க வந்தால், பணம் கொடுத்து விடாதீர்கள்!

எங்கே படிப்பது?

தர்மபுரி மாவட்டத்தின் கலைக் கல்லூரிகள் சேலத்தில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. எந்தக் கல்லூரியில் உளவியல் இருக்கிறது என்பதை அந்த வருஷத்துப் பட்டியலில் பார்க்க வேண்டும். பக்கத்துக் கல்லூரியில் இல்லாவிட்டால் மனம் உடைய வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரி, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் உளவியல் துறை உண்டு. மேல் படிப்புக்குப் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே துறை இருக்கிறது. தர்மபுரியில் இருந்து தொப்பூர் கணவாய் இறங்கினால் சேலம்.

பெங்களூரும் கிட்டத்தில்தான். ஆனால் அங்கே தனியார் கல்லூரியில் சேருவதற்கு முன் 3 வருஷத்துக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கூட்டிப் பாருங்கள். மேல் படிப்புக்குக் கையில் பணம் மிஞ்ச வேண்டும்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் இதைக் கேளுங்கள்.

வேறு ஒரு யோசனையும் உண்டு. பக்கத்து அரசுக் கல்லூரியில் வேறு ஏதாவது பட்டம் வாங்கிவிட்டு, எம்.எஸ்சி.யில் உளவியலுக்கு மாறலாமா? சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கின்றன. ஆனால் பின்னால் மருத்துவ உளவியல் பயிற்சிக்குப் போகும்போது, "முதல் பட்டம் என்ன?" என்ற கேள்வி வரலாம். விதியைப் படித்துப் பார்க்காமல் இந்தக் குறுக்கு வழியில் இறங்கக் கூடாது.

பட்டத்தோடு நின்றால்?

பட்டம் கேட்கும் அரசாங்கப் பரீட்சைகள் எல்லாவற்றையும் எழுதலாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப்-2, பாங்கு பரீட்சை எல்லாம் உண்டு. ஐ.ஏ.எஸ். பரீட்சையில் விருப்பப் பாடமாக உளவியலை எடுத்துக்கொள்ளலாம். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் பிரிவில் முயற்சி செய்யலாம். எம்.எஸ்சி. முடித்தவர்களுக்குப் பள்ளி, குழந்தைகள் காப்பகம், குடிநோய் சிகிச்சை மையம் ஆகிய இடங்களில் ஆலோசகர் வேலை உண்டு. சம்பளம் முதலில் கொஞ்சமாகவே இருக்கும். பொறியியல் படித்தவன் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வருத்தம்தான் மிஞ்சும்.

நம் ஊருக்கு யார் வேண்டும்?

2011 மக்கள் தொகைக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே படித்தவர்கள் குறைவாக இருந்த மாவட்டம், தர்மபுரி. 100-க்கு சுமார் 68 பேர்தான். பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் வைக்க வேண்டியிருந்த மாவட்டமும் இதுவே. இங்கே ஒரு தாய் தூக்கம் இல்லாமல் தவித்தால், "காத்து கருப்பு" என்பார்கள்.

2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் என்ன நடந்தது? சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களும் யாரோ வீட்டுப் பிள்ளைகள். எங்கே கொண்டுபோவது என்று சொல்ல ஆள் இல்லாமல் தவித்த குடும்பங்கள் அவர்களில் பலருக்கு இருந்தன.

இப்போது 14416 என்ற நம்பருக்குப் போன் செய்தால் மனக் கஷ்டத்துக்கு ஆலோசனை கிடைக்கும். 2022-ல் வந்த டெலி-மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை. ஆனால் பென்னாகரத்துப் பாட்டி தன் மனதில் உள்ளதை எல்லாம் கொட்ட வேண்டும் என்றால், அவள் பேச்சு புரிகிற ஆள் எதிரே உட்கார வேண்டும். இந்த மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் நிறைய உண்டு. வீட்டில் இரண்டு பாஷை பேசி வளர்ந்த பெண்ணுக்கு அது ஒரு சொத்து. எந்தக் கல்லூரியிலும் அதை விலைக்கு வாங்க முடியாது.

இங்கிலீஷ்தான் தகராறு. பாடப் புத்தகங்களில் பெரும்பாலானவை இங்கிலீஷில் இருக்கின்றன. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் வருஷம் திணறுவார்கள். பிளஸ்-2 பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும் வரை லீவு இருக்கிறதே, அந்த நாட்களில் தினம் ஒரு பக்கம் இங்கிலீஷ் பத்திரிகையை அகராதி வைத்துப் படித்துப் பழகலாம்.

சேருகிற அன்று கல்லூரியில் கேட்க வேண்டியது மூன்று. இந்தத் துறைக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்கிறதா? சோதனைச்சாலை இருக்கிறதா? கடைசி வருஷத்தில் ஆஸ்பத்திரிக்கோ, பள்ளிக்கோ பயிற்சிக்கு அனுப்புகிறார்களா? சோதனைச்சாலையைக் கதவு திறந்து காட்டச் சொல்லுங்கள். தகப்பனாரும் கூடப் போய்ப் பார்க்கலாம்.