உடல் ஏற்கும் கதிரை அன்றன்றே அளத்தல்

கயத்தாறு, கடம்பூர், கழுகுமலைப் பகுதிகளிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வருவோர் அதனைக் ‘கரண்ட் வைப்பது’ என்றே கூறுவர். உடலில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களே செலுத்தப்படுகின்றன. சில நாட்களில், சிகிச்சை தொடங்குமுன் நோயாளியின் தோல்மீது, மாத்திரை அளவிலான, வயருடன் கூடிய சிறு பொருளொன்றை ஒட்டுகிறோம். “இது கூடுதல் கரண்டா?” என உடன் வந்தோர் கவலையுடன் கேட்பதுண்டு. அது கதிரை வெளியிடுவதில்லை. வந்து சேரும் கதிரை அளக்கிறது.

ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது 1 கிரே. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பொதுவாக நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரம் 5 நாட்களாக, 6 முதல் 7 வாரங்களில் 60 முதல் 70 கிரே வரை அளிக்கிறோம். அளவு குறைந்தால் நோய் எஞ்சக்கூடும். மிகுந்தால் உமிழ்நீர்ச் சுரப்பியும் தண்டுவடமும் பாதிக்கப்படலாம். எனவே, குறித்த அளவிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகாதிருப்பதே நோக்கம்.

சி.டி. படங்களைக் கொண்டு கணினியில் திட்டமிடுகிறோம். கருவியை நாள்தோறும் சோதிக்கிறோம். ஆயினும் வானிலை அறிக்கை என்ன சொன்னாலும், கரிசல் விவசாயி மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகே விதைக்கிறார் அல்லவா? உடல்மேல் அளப்பதும் அத்தகையதே.

தோலில் ஒட்டப்படும் டையோடு, கதிர் பாயும்போதே அளவை வெளியறைத் திரையில் காட்டும். வெப்ப ஒளிர்வுப் படிகம் கதிரின் ஆற்றலைத் தேக்கிவைத்து, பின்னர் சூடாக்கும்போது ஒளியாக வெளியிடும். அந்த ஒளியிலிருந்து அளவைக் கணிப்பர். உடலைக் கடந்து வரும் கதிரைக் கருவியின் எதிர்ப்புறத் தகடு பதிவு செய்து, திட்டத்துடன் ஒப்பிட உதவுவது மூன்றாவது முறை.

பிரான்சின் எபினால் நகரில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் திட்டமிடலில் நேர்ந்த பிழையால் 20க்கும் மேற்பட்ட நோயாளிகள் மிகுதியான கதிரைப் பெற்றனர். அதன் பின்னர் அந்நாடு, இயன்ற இடங்களிலெல்லாம் உடல்மேல் அளப்பதைக் கட்டாயமாக்கியது.

அளவில் வேறுபாடு தெரிந்தால் உடனே தவறு நேர்ந்துவிட்டதென அஞ்ச வேண்டா. பெரும்பாலும் டையோடு சற்று நகர்ந்திருக்கும், அல்லது நோயாளி படுத்திருக்கும் நிலை மாறியிருக்கும். காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்த பிறகே தொடர்கிறோம். வாய்ப்புண்ணால் உணவு குறைந்து உடல் மெலிந்தால் முகக்கவசம் தளரும். கதிர் செல்லும் பாதையும் மாறும். அப்போது மீண்டும் சி.டி. எடுத்துப் புதிதாகத் திட்டமிட நேரலாம்.

இதில் உங்கள் பங்கும் உண்டு. கவசம் தளர்ந்தாலும் எடை குறைந்தாலும் அன்றே தெரிவியுங்கள். தோலில் இட்ட குறிகளை அழிக்காதீர்கள். பருத்தி எடுப்பு, கோயில் கொடை என எக்காரணம் பற்றியும் ஒரு நாளையும் தவறவிடாதீர்கள். வர இயலாத நிலை நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஈடுசெய்ய வழி காண்போம். வந்த நாளின் கதிரை எங்கள் கருவி அளக்கும்; வராத நாளை எந்தக் கருவியாலும் அளக்க இயலாது.