கால்மாட்டில் நிற்கும் கறுப்பு உருவம்: அது யார் தெரியுமா?

விடிகாலை நாலு மணி. நவி மும்பையின் கோபர்கைரனேயில் சிட்கோ கட்டிய ஒரு வீட்டின் ஒற்றை அறை. கண் திறந்தாயிற்று. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, பாயில் தூங்கும் தம்பி தெரிகிறான். ஆனால் கால்மாட்டில் கறுப்பாக ஒருவன் நிற்கிறானே! கத்தலாம் என்றால் வாய் வரவில்லை. சுண்டு விரல்கூட அசையவில்லை. வந்தவன் மெல்ல நெருங்கி நெஞ்சின் மேலேயே ஏறி உட்காருகிறான்!

இது நடந்தது உங்களுக்கு மட்டும் என்று நினைத்தீர்களா? ஷார்ப்லெஸ், பார்பர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து, 36,000-க்கும் அதிகமானோரின் அனுபவத்தை 2011-ல் கணக்குப் பார்த்தார்கள். பொதுமக்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படி மாட்டியிருக்கிறார்கள். மாணவர்களிடையே மட்டும் பார்த்தால்? நூற்றுக்கு 28 பேர்! பரீட்சைக்காக ராக்கண் விழிப்பவர்கள்தானே, ஆச்சரியமில்லை.

நம் ஊரில் இவன் பெயர் அமுக்குவான். இலங்கையிலும் அமுக்குப் பேய் உண்டு. ஜப்பானில் கனாஷிபாரி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் நெஞ்சில் ஏறி உட்காருபவள் ஒரு கிழவி. பிரேசிலின் பிசடெய்ராவும் கிழவிதான். நீண்ட நகங்களோடு கூரை மேல் காத்திருந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு மல்லாந்து படுத்தவர்களாகத் தேடி மிதிப்பாளாம்! நம் வீட்டுப் பாட்டிகள் கொடுக்கும் அதே எச்சரிக்கை கடல் தாண்டி அங்கே எப்படிப் போனது?

போகவில்லை. எல்லா ஊரிலும் மனித உடம்பு ஒன்றுதான், அவ்வளவே. பத்தாம் நூற்றாண்டிலேயே பாரசீக வைத்தியர் அகவைனி புகாரி இதைப் பேய் என்று ஒதுக்கிவிடாமல், வயிற்றிலிருந்து மூளைக்கு ஏறும் ஆவியே காரணம் என்று எழுதினார். காரணம் தவறுதான், ஆனாலும் நோய் என்று பார்த்த அந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். 1781-ல் ஹென்றி ஃபியூசெலி, தூங்கும் பெண்ணின் நெஞ்சில் குட்டிச்சாத்தான் போல ஒன்று குந்தியிருக்கும் ஓவியத்தைத் தீட்டினார். இன்றும் அது டெட்ராய்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இனிமேல்தான் அசல் அதிசயம். நீங்கள் தூங்கும் ஒவ்வொரு இரவும் உங்கள் உடம்பைக் கட்டிப் போடுகிறார்கள், தெரியுமா? கட்டுவது வேறு யாருமல்ல, உங்கள் மூளையேதான்! தூக்கத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, மூடிய இமைக்குள் விழிகள் பரபரவென்று ஓடும் ஒரு கட்டம் வரும். சிகாகோ ஆய்வாளர்கள் 1953-ல் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். அழுத்தமான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். கனவில் ஓடினால் கட்டிலிலிருந்து பாய்ந்து ஓடிவிடக் கூடாதல்லவா? அதனால் கைகால் தசைகள் செயலற்றுப் போகின்றன. விழிகளுக்கும் மூச்சிழுக்கும் உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு. சில நேரம் அறிவு முந்திக்கொண்டு விழித்துவிடும், கட்டு அவிழ்ந்திருக்காது, கனவும் கலைந்திருக்காது. நிஜ அறைக்குள் கனவு ஆள் நடந்து வருவது இப்படித்தான்! விலாத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழ மூச்சிழுக்க முடியாது. நெஞ்சின் மேல் பாரம் உட்கார்ந்தது போலிருப்பது அதனால்தான்.

சரி, ஏன் ஓர் ‘ஆள்’ தெரிய வேண்டும்? 2006-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள், வலிப்பு நோய் அறுவைக்கு முன் 22 வயதுப் பெண் ஒருவரின் மூளையில், இடது காதுக்குச் சற்று மேலே பின்பக்கமாக, லேசான மின்தூண்டல் கொடுத்தார்கள். உடனே ‘பின்னால் யாரோ இருக்கிறார்கள்’ என்றார் அவர்! படுத்தால் நிழலாளும் படுக்கிறான். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவனும் உட்கார்ந்து அணைக்கிறான். கையில் அட்டையை எடுத்தால் பிடுங்கப் பார்க்கிறான்! தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் இடம் குழம்பியதும், தன்னையே இன்னொருவனாக உணர்ந்துவிட்டார். அமுக்குவானும் இந்த வம்சம்தான் என்பது பல ஆய்வாளர்களின் ஊகம்.

பேயை ஆய்வுக்கூடத்துக்கே வரவழைத்திருக்கிறார்கள் தெரியுமா? 1992-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு அது. 16 பேரை நாலு இரவுகள் படுக்கவைத்து, நடுத்தூக்கத்தில் எழுப்பி, ஒரு மணி நேரம் விழிக்கவிட்டு மறுபடி தூங்கச் சொன்னார்கள். ஆறு முறை உடம்பு கட்டிக்கொண்டது! மந்திரமும் இல்லை, மையும் இல்லை. தூக்கத்தை உடைத்தது மட்டும்தான்.

கோபர்கைரனேயில் தூக்கம் உடைய ஆயிரம் வழி. மகாபே ஐடி பூங்காக்களில் இரவு ஷிப்ட் உண்டு. வாஷி மொத்தச் சந்தையில் மூட்டை இறக்கும் மாத்தாடித் தொழிலாளர் குடியிருப்புகள் இங்கேதான். விடிந்தபின் வந்து படுத்து, குக்கர் விசிலுக்கும் காய்கறி வண்டிக் கூவலுக்கும் நடுவே துண்டுதுண்டாகத் தூங்குகிறவருக்கு இந்த ஆள் வர வாய்ப்பு அதிகம். வந்தால் பேயும் பிசாசும்தான் நினைவுக்கு வரும். தலையணைக்கு அடியில் இரும்பும் வேப்பிலையும் வைப்பார்கள். சில நொடியிலோ ஓரிரு நிமிடத்திலோ அது தானாகவே போய்விடும், பெயர் என்னவோ இரும்புக்கு!

பயத்துக்கும் இதில் பங்குண்டு. 2013-ல் டென்மார்க்கையும் எகிப்தையும் ஒப்பிட்டார்கள். ஜின் என்ற பூதம் வருகிறது என்ற நம்பிக்கை உள்ள எகிப்தில் இது அதிகமாக வந்தது, பயமும் கூடுதலாக இருந்தது.

ஆகவே அடுத்த தடவை அவன் வந்தால் மல்லுக்கு நிற்காதீர்கள். மூச்சை அதன் போக்கில் விட்டு, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். மல்லாக்கப் படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள், தூங்கும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் மடங்கிச் சரிந்தாலோ நார்கோலெப்ஸி என்ற தூக்கக் கோளாறாக இருக்கலாம். மந்திரிக்கும் தட்சிணையை எடுத்து வைத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.