5 செ.மீ. மீனும் 23 செ.மீ. விதியும்: ஹூக்ளி ஆற்றின் காச்கி

கொல்கத்தாவின் கார்டன் ரீச் என்றதும் துறைமுகமும் போர்க்கப்பல் கட்டும் தளமும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பகுதியை ஒட்டி ஓடும் ஹூக்ளி ஆற்றில், முழு வளர்ச்சி அடைந்த பிறகும் சுமார் 5 செ.மீ. நீளமே இருக்கும் மீன் ஒன்று கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. வங்காளிகள் அதைக் காச்கி என்கின்றனர். அறிவியல் பெயர் கோரிகா சோபோர்னா.

பார்ப்பதற்கு நெத்திலி போலிருந்தாலும், உறவுமுறையில் இது மத்திக்கும் ஹில்சாவுக்கும் (தமிழகத்தில் உல்லம்) நெருக்கமானது. உடல் ஏறக்குறைய கண்ணாடி போன்றது. பக்கவாட்டில் ஒரு வெள்ளிக் கோடு. மலத்துளைத் துடுப்பின் கடைசி இரண்டு கதிர்கள் மட்டும் பிரிந்து தனித்துண்டாக நிற்பது இதன் முக்கிய அடையாளம். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களே இதன் உணவு. நன்னீரிலும் உவர்நீரிலும் வாழக்கூடியது.

இம்மீனை 1822-இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன். 1800-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், மலபார் பகுதிகளை ஆய்வு செய்த பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர்தான், பின்னர் பெயர் மாற்றிக்கொண்ட இவர். கார்டன் ரீச்சுக்கு எதிர்க்கரையிலுள்ள தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராகவும் 1814-இல் பொறுப்பேற்றார். நாடு திரும்பும்போது, அவர் வரைவித்த மீன் ஓவியங்களை எடுத்துச்செல்ல கவர்னர் ஜெனரல் அனுமதிக்கவில்லை. கங்கை மீன்களைப் பற்றிய அவரது நூல், கையில் இருந்த படங்களுடன் மட்டுமே வெளிவந்தது.

கார்டன் ரீச் கடலிலிருந்து வெகு தொலைவில் இருந்தாலும் நாள்தோறும் ஓதம் ஏறி இறங்கும் பகுதி. 1975-இல் பராக்கா அணை செயல்பாட்டுக்கு வந்தது. துறைமுகத்தின் வண்டலை அடித்துச்செல்ல வினாடிக்கு 40,000 கன அடி வரை கங்கை நீரைத் திருப்பிவிடுவதே அதன் திட்டம். இதனால் முகத்துவாரத்தின் உவர்நீர் எல்லை கடலை நோக்கிப் பின்வாங்கியது. மேற்பகுதியில் நன்னீர் மீன்களுக்கு இடம் பெருகியது.

காச்கியை யாரும் முள் எடுத்து உண்பதில்லை. கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாயுடன் தலையும் எலும்புமாக அப்படியே சமைக்கப்படுகிறது. பெரிய மீனின் துண்டில் கிடைக்காத சுண்ணாம்புச்சத்து இதனால் உடலுக்குச் சேர்கிறது. விலை உயர்ந்த ஹில்சாவை வாங்க இயலாத வீடுகளில் இதன் மதிப்பு தனி.

சிக்கல், இதைப் பிடிக்கும் வலையில் இருக்கிறது. விரல் நீள மீனைப் பிடிக்கக் கொசுவலை போன்ற நுண்கண் வலைதான் வேண்டும். ஓதத்துக்கு எதிராக வாய் திறந்து கட்டப்படும் பை வலைகளின் வால் பகுதியும் அத்தகையதே. மழைக்காலத்தில் கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் ஹில்சாவின் குஞ்சுகள், கடலுக்குத் திரும்பும் முன் சில மாதங்கள் ஆற்றிலேயே வளர்கின்றன. அப்பருவத்தில் அவற்றின் அளவும் காச்கியின் அளவும் ஒன்றே.

மேற்கு வங்கத்தில் 23 செ.மீ.க்குக் குறைவான ஹில்சாவைப் பிடிக்கவும் விற்கவும் தடை உள்ளது. 90 மி.மீ.க்குக் குறைவான கண்ணுடைய ஒற்றையிழைச் செவுள் வலைகளுக்கும் அனுமதியில்லை. ஹில்சாவுக்கு இந்த அளவு பொருத்தமானது. ஆனால் இனப்பெருக்கம் செய்து முடித்த காச்கியும் 90 மி.மீ. கண்ணுக்குள் தாராளமாக நழுவிவிடும். நுண்கண் வலையை முற்றிலும் ஒழித்தால் ஏழைகளின் மீன் சந்தைக்கு வராது; ஆண்டு முழுவதும் அனுமதித்தால் ஹில்சா குஞ்சுகள் அழியும். எனவே வலையின் கண்ணை மட்டுமன்றி, குஞ்சுகள் ஆற்றில் இருக்கும் மாதங்களையும் கணக்கில் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

சிறிய ஹில்சாவைக் கொல்கத்தா சந்தைகளில் ‘கோக்கா இலிஷ்’, அதாவது சின்னப் பையன் ஹில்சா, என்று செல்லமாக அழைப்பதுண்டு. காச்கிக் கூடையில் கலந்திருக்கும் அதன் குஞ்சை, அகன்ற உடலை வைத்துத் தேர்ந்த கண் பிரித்துவிடும். ஆனால் கூடைக்கு வரும்போது அது உயிருடன் இருப்பதில்லை.