கதிர்வீச்சு ஏன் தவணை தவணையாக?

தாராபுரத்திலிருந்தோ கோபியிலிருந்தோ கோவைக்கு வந்து 'கரண்ட் வைத்துக்கொள்ளும்' (கதிர்வீச்சு பெறும்) மார்பகப் புற்றுநோயாளிக்குச் சிகிச்சையைவிடப் பஸ் பயணமே பெரும்பாடு. மூன்று வாரம், சிலருக்கு ஐந்து வாரம், சனி, ஞாயிறு தவிர அலைய வேண்டும். கூலியும் போகும். ஒரே நாளில் முடித்தால் என்ன?

கதிர்வீச்சு செல்லின் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. நல்ல செல்லும் அடிபடும். ஆனால் அறுந்ததைத் தைத்துக்கொள்ளும் திறமை அதற்கு அதிகம். சில மணி நேரம் அவகாசம் வேண்டும். அதற்காகத்தான் தவணை.

தவணைகளின் எண்ணிக்கையைக் குறைக்க ஒவ்வொரு தவணையின் அளவையும் கூட்டினால் மொத்த அளவைக் குறைத்தாக வேண்டும். எவ்வளவு? பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு 4,096 பேரிடம் இதைச் சோதித்தது. 15 தவணைகளில் 40 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குள் அதே மார்பில் நோய் திரும்பியது 2.1%, ஒரே வாரத்தில், 5 தவணைகளில் 26 கிரே பெற்றவர்களில் 1.4%. முடிவு 2020இல் வெளியானது. கொல்கத்தா டாடா மெடிக்கல் சென்டரும் இதே ஒப்பீட்டை நம் நாட்டு நோயாளிகளிடம் மேற்கொண்டது. இந்த ஆராய்ச்சி ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய வரம் என்பேன்.

எல்லாப் புற்றுக்கும் இந்த ஒரு வாரச் சிகிச்சை பொருந்தாது. "எனக்கு ஒரு வாரம் போதுமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் குறித்த தவணையை நீங்களாக ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.