பதிவேட்டில் இல்லாதவர்: யுத்த மரணம் ஒன்றை ஆராய்தல் பற்றிச் சில குறிப்புகள்

யுத்தத்தில் மாண்ட உறவினர் ஒருவரின் படைச்சேவையையும் இறப்பையும் ஆராய முற்படுவோர் முதலில் ஆவணத்தையே நாடுவர். அவர் எப்பிரிவிற் சேர்ந்தார், எங்கு நின்றார், எந்நாளில் எவ்விடத்து மடிந்தார் என்ற வினாக்களுக்கு விடை எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கையே இத்தேடலின் அடிப்படை. செட்டிகுளத்திலிருந்து இத்தேடலைத் தொடங்குவோருக்கு அந்நம்பிக்கை பொருந்துவதில்லை. அது ஏன் பொருந்துவதில்லை என்பதையும், ஆவணம் அற்ற இடத்து ஆய்வாளன் எவற்றைச் சான்றாகக் கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

படைவீரன் பற்றிய ஆவணம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். வீரத்தைப் போற்றும் விருப்பிலிருந்து அது தோன்றுவதில்லை. நவீன அரசின் சிப்பாய் கூலி பெறுபவன். அவனுக்குச் சம்பளம் வழங்குவதற்கும், அவன் இறந்தபின் மனைவிக்கு ஓய்வூதியம் வழங்குவதற்கும், அல்லது வழங்காது விடுவதற்கும், கணக்கு வேண்டும். சம்பளப் பதிவேடே இராணுவ வரலாற்றின் முதல் நூல் எனலாம். 1917ஆம் ஆண்டில் பேரரசு யுத்தக் கல்லறை ஆணைக்குழு நிறுவப்பட்டபோது, பதவி வேறுபாடின்றி மாண்டோர் அனைவரும் சமமாக நினைவுகூரப்படுவர் என்று கூறப்பட்டது. அதன் வழிவந்த பொதுநலவாய ஆணைக்குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, முதலாம் உலக யுத்தத்தில் மாண்ட ஆசிய, ஆபிரிக்கப் படையினரில் 45,000 தொடக்கம் 54,000 வரையானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவே கூரப்படாமலோ விடப்பட்டனர் என்றும் ஒப்புக்கொண்டது. விடுபட்டோரிற் பெரும்பகுதியினர் கிழக்காபிரிக்கரும் எகிப்தியருமாவர். கணக்கில் மலிவானவன் கல்லிலும் இடம்பெறவில்லை.

வன்னியில் நிலைமை வேறு. விடுதலைப் புலிகள் இயக்கம் தன் உறுப்பினரைக் கூலி பெறுவோராகக் கருதவில்லை. எனவே அது பேணிய பதிவு, சம்பளக் கணக்கினின்றும் வேறுபட்ட ஒரு தருக்கத்தில் அமைந்தது. இயக்கப் பெயர், இயற்பெயர், பதவிநிலை, மாவட்டம், வீரச்சாவடைந்த நாள், களம் என்பன அதில் இடம்பெற்றன. உடல் கிடைத்தோருக்குத் துயிலும் இல்லங்களிற் கல்லறையும், கிடையாதோருக்கு நினைவுக்கல்லும் அமைந்தன. தியாகம் என்ற கருத்தாக்கம் இங்கே ஓர் ஆவண முறைமையாகவே தொழிற்பட்டது. ஆனால் இம்முறைமை தன்னவரை மட்டுமே கணக்கிற் கொண்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஏனைய இயக்கங்களிற் சேர்ந்து மடிந்தோரும், உட்கொலைகளிற் பலியானோரும், 1989இல் தமிழ்த் தேசிய இராணுவத்துக்கெனப் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்களும் அதில் இல்லை. இறுதிப்பட்ட இவர்களைத் தேடுவார் இன்றும் மிகச் சிலரே.

யுத்தத்தின் முடிவில் துயிலும் இல்லங்கள் இடித்தழிக்கப்பட்டன. கோப்பாயில் அந்நிலத்தின் மீதே படைத் தலைமையகம் எழுந்தது. கல்லில் இருந்த பதிவு இவ்வாறு அழிய, தாளில் இருந்ததைக் குடும்பங்களே அழிக்க நேர்ந்தது. 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பக்கம் நடந்து வந்தோர், சீருடை அணிந்த பிள்ளையின் படத்தை எரித்தனர், புதைத்தனர், அல்லது கடனீரேரியில் விட்டனர். இன்று நாம் தேடும் சான்று, அன்று வைத்திருந்தவரின் உயிருக்கே ஆபத்தான பொருளாக இருந்தது.

எமது பெரியதாயாரின் இளைய மகனை முன்னிட்டே இவ்விடயத்தில் நாம் இறங்கினோம். செட்டிகுளத்தைச் சேர்ந்த அக்குடும்பம் தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து வன்னியின் உட்பகுதிக்குச் சென்றது. 2008இல், வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாய ஆட்சேர்ப்பின் கீழ், பத்தொன்பது வயதில் அவர் கொண்டுசெல்லப்பட்டார். எமக்கும் அவருக்கும் வயது ஏறத்தாழ ஒன்றே. நாம் அப்போது யாழ்ப்பாணத்திற் படித்துக்கொண்டிருந்தமையே எம் இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு. 2009இல் பெரியதாயார் செட்டிகுளத்துக்குத் திரும்பினார், ஆயின் வீட்டுக்கன்று. தம் பழைய வளவிலிருந்து சில கட்டை தூரத்திலிருந்த மனிக்பாம் முகாமுக்கே அவர் கொண்டுவரப்பட்டார். அம்முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டிருந்தனர். அதன் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயரிடப்பட்டிருந்தது. கொழும்புத் தமிழ் உயர்குழாத்தின் பெயர்கள் வன்னி விவசாயியின் கூடாரத்துக்கு முகவரியாயின. 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டது.

அவரது பெயர் எப்பட்டியலிலும் இல்லை. கடைசி மாதங்களிற் சேர்க்கப்பட்டுச் சில வாரங்களில் மடிந்த இத்தகையோருக்குக் கல்லறை அமைக்க இயக்கத்துக்கும் அவகாசம் இருக்கவில்லை. அரசின் கணக்கிலோ அவர் ஒரு பயங்கரவாதி, பெயர் தேவையில்லை. இரு முறைமைகளுக்கும் இடையில் வீழ்ந்த இத்தலைமுறையே ஆய்வாளனுக்கு மிகக் கடினமான பொருள்.

இந்நிலையில் வாய்மொழிச் சான்றே முதற்சான்றாகின்றது. அதனைப் பயன்படுத்தும் முறை பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவது தகும். எம் பெரியதாயாருக்குத் திகதிகள் நினைவில் இல்லை. இடங்கள் நினைவில் உள்ளன. மடுப்பக்கம் விடுபட்டபின் பிள்ளையைக் கொண்டுபோனார்கள், தருமபுரத்தில் ஒருமுறை வந்து சோறு தின்றான், விசுவமடுவை விட்டு வந்தபின் தேவிபுரத்திற் கண்டேன் என்பதே அவரது கூற்று. இடம்பெயர்வே அவரது நாட்காட்டி. படைநகர்வுகளின் நாட்களோ ஐயத்துக்கு இடமின்றிப் பதிவானவை. மடு 2008 ஏப்ரலிலும், கிளிநொச்சி 2009 சனவரி 2இலும், விசுவமடு அம்மாத இறுதியிலும் படையினர் வசமாயின. எனவே தேவிபுரச் சந்திப்பு பெப்ரவரி தொடக்கத்தில் நிகழ்ந்திருத்தல் வேண்டும். உடனிருந்த நண்பர் ஒருவர் ஆனந்தபுரம் பக்கம் அனுப்பப்பட்டதாகக் கூறினார். அச்சமர் ஏப்ரல் 5ஆம் திகதியுடன் முடிவுற்றது. இவ்வாறு இரண்டு மாத எல்லைக்குள் ஒரு மரணத்தைக் கொண்டுவர முடிந்தது. காயமடைந்திருக்கலாம் என்ற ஐயமும் இருந்தது. 2009 பெப்ரவரி தொடக்கம் மே வரை புதுமாத்தளன் கரையிலிருந்து நோயாளரும் உடன் சென்றோருமாக ஏறத்தாழ 14,000 பேரைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் ஏற்றிச் சென்றது. அவ்வழியில் விசாரித்ததிலும் அவர் பெயர் கிடைக்கவில்லை. கிடைக்காமையும் ஒரு சான்றே.

அடுத்துச் சட்டவழி. காணாமற்போய் ஓராண்டு கடந்து, இறந்திருக்கலாம் என நம்பப்படுவோரின் மரணத்தைப் பதிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. மரணம் என எழுத மறுக்கும் குடும்பங்களுக்கென, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் காணாமைச் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டே காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான 14ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. சட்டங்களிற் குறைவில்லை. எனினும் படிவம் கேட்கும் வினா எளிதன்று. மகன் போராளி என்று எழுதினால் புலனாய்வாளர் வீட்டுக்கு வருவர் என்ற அச்சம் இருக்கின்றது. பொதுமகன் என்று எழுதினால் அவனது வாழ்வின் இறுதி ஆண்டு பொய்யாகின்றது. ஓர் அலுவலகத்திற் பெரியதாயார் இவ்வாறு இருமுறை இருவிதமாக எழுதியமை முரண்பாடு என்று சுட்டப்பட்டு, விண்ணப்பம் திருப்பியனுப்பப்பட்டது. ஆவணக் காப்பகங்களிற் பணியாற்றும் எம்மவர் இத்தகைய முரண்பாட்டைச் சாட்சியின் பலவீனமாகக் கருதுவது வழக்கம். அது அச்சத்தின் பதிவு என்றே நாம் வாசிக்கின்றோம்.

இதில் வர்க்கத்தின் இடமும் உண்டு. 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியா மாவட்டத்திற் குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் செட்டிகுளப் பகுதியிலும் வாழ்கின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இவர்களிற் சிலருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. பிறந்ததாகப் பதியப்படாத ஒருவரின் இறப்பை எவ்வாறு பதிவது? வெளிநாட்டுக்கு அனுப்ப வசதியுள்ள வீடுகள் பிள்ளைகளை அனுப்பின. வசதியற்ற வீடுகளின் பிள்ளைகளே பதுங்குகுழியில் நின்றனர். எதிர்ப்புறத்திலும் வறிய சிங்களக் கிராமங்களின் இளைஞர்களே நின்றனர் என்பதை மறத்தலாகாது. 1998இல் கிளிநொச்சிச் சமரிற் காணாமற்போன படை அதிகாரி ஒருவரின் தாயான விசாகா தர்மதாச, அத்தகைய பெற்றோரை அமைப்பாக்கினார். செஞ்சிலுவைக் குழுவிடம் 1990 முதல் பதிவான 16,000க்கு மேற்பட்ட காணாமற்போனோரில் 5,000க்கு மேற்பட்டோர் படையினரும் பொலிசாருமாவர். சம்பளப் பதிவேட்டில் பெயர் இருந்தும் இவர்களுக்கு உடல் கிடைக்கவில்லை.

அண்மைக்காலத்தில் நிலமே ஆவணமாகத் தொடங்கியுள்ளது. 2023 யூனில், கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க வெட்டிய குழியில் எலும்புகளும் போராளிகளின் உடைகளும் வெளிப்பட்டன. 2024 யூலையில் அகழ்வு முடிவுற்றபோது 52 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டிருந்தன. அப்புதைப்பு 1994க்கும் 1996க்கும் இடைப்பட்டது என்பது அகழ்வை நடத்திய பேராசிரியர் ராஜ் சோமதேவவின் கருத்தாகும். உடை, தகட்டிலக்கம், எலும்பு ஆகியவற்றை ஒரு பெயருடன் இணைப்பதற்கு, அவ்விலக்கம் எவருடையது என்று கூறும் பதிவேடு வேண்டும். இன்றேல் உயிருடனுள்ள தாயின் மரபணு வேண்டும். முதலாவது அழிந்துவிட்டது. இரண்டாவதற்குக் காலம் குறுகி வருகின்றது. 2017 பெப்ரவரி 24இல் வவுனியாவிற் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாருட் பலர் விடை அறியாமலே இறந்துவிட்டனர்.

பெரியதாயாருக்கு இப்போது எழுபது வயதாகின்றது. திகதி, இடம் என்ற இரு கட்டங்களையும் எம் ஆய்வின்படி பென்சிலால் நிரப்பிய படிவம் அவரிடம் உள்ளது. 2009 ஏப்ரல், ஆனந்தபுரம் என்று நாம் எழுதியதை அவர் மறுக்கவில்லை. கையொப்பம் இன்னும் இடவில்லை.