நோர்வேஜிய மொழியில் இடங்குறிக்கும் வினையடைகள்

பிறமொழி கற்போர் அம்மொழியின் கடிய ஒலிகளால் இடர்ப்படுவதிலும், தம் தாய்மொழி பகுத்துரையாத பொருளை அது பகுத்துரைக்குமிடத்து இடர்ப்படுவதே மிகுதி. நோர்வேஜிய மொழியின் இடங்குறிக்கும் வினையடைகள் இதற்குத் தக்க சான்றாகும். 1983ஆம் ஆண்டின் பின்னர் இலங்கைத் தமிழர் பலர் நோர்வேயிற் குடியேறினர். அவருட் பலர் வடகோடியிலுள்ள பின்மார்க்குப் பகுதியின் மீன் பதனிடுந் தொழிற்சாலைகளில் உழைத்தனர். வளர்ந்தபின் அந்நாடு சென்று மொழி பயின்ற இவர்க்கு இவ்வினையடைகள் விளைக்கும் மயக்கத்தின் காரணம் தமிழ் வழக்கிலேயே உளது.

‘உள்ளே வா’ என்கிறோம். ‘அவர் உள்ளே இருக்கிறார்’ என்றும் கூறுகிறோம். ஈரிடத்தும் ‘உள்ளே’ என்னுஞ் சொல் வேறுபடவில்லை. நோர்வேஜிய மொழியோ உட்செல்லுதலுக்கு ‘இன்’ என்றும், உள்ளே இருத்தலுக்கு ‘இன்னெ’ என்றும் இரு சொற்களை வைத்துள்ளது. அவ்வாறே வெளியே என்பதற்கு ‘ஊத்’, ‘ஊத்தெ’ என்பனவும், மேலே என்பதற்கு ‘ஒப்’, ‘ஒப்பெ’ என்பனவும், கீழே என்பதற்கு ‘நேத்’, ‘நேதெ’ என்பனவும் வழங்கும். முன்னது திசை, எகர ஈறு பெற்ற பின்னது நிலை. ‘இங்கே’, ‘அங்கே’ என்பன மாத்திரம் இவ்வொழுங்கின்பாற் படா. இங்கே இருத்தல் ‘ஹேர்’, இங்கே வருதல் ‘ஹீத்’. அங்கே இருத்தல் ‘தேர்’, அங்கே போதல் ‘தீத்’.

தமிழில் இயக்கமும் நிலையும் வினைச்சொல்லாலேயே புலப்படுதலின் வினையடை வேறுபட வேண்டுவதில்லை. வருதல் தன்மை முன்னிலைகட்கும் செல்லுதல் படர்க்கைக்கும் உரியவெனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்தமை, நம் மொழி இப்பொறுப்பை வினையின்மேல் எத்துணை ஏற்றியுள்ளது என்பதைக் காட்டும்.

ஆயினும், இவ்வேறுபாட்டைத் தமிழர் அறியாதவரல்லர். ‘வீட்டுக்குப் போனான்’, ‘வீட்டில் இருந்தான்’ என நான்காம் ஏழாம் வேற்றுமைகளை ஒருபோதும் மாற்றி வழங்கார். நோர்வேஜிய மொழியிற் பெயர்கள் இத்தகைய வேற்றுமையுருபுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. பழைய வேறுபாடு வினையடைகளிலே தங்கிற்று. தமிழ் பெயரிற் போற்றி வினையடையில் நெகிழ விட்டதை அம்மொழி வினையடையிற் போற்றி வருகிறது. ஆகவே தமிழர் இதனைப் பயிலத் தொடங்குதற்குரிய வாயில் வீடேயாகும். ‘யெம்’ என்பது வீட்டுக்கு. ‘யெம்மெ’ என்பது வீட்டில். (எழுத்தில் முதற்கண் நிற்கும் ஹகரம் ஒலிப்பதில்லை.) இவ்விணையை உருபோடு பொருத்தி மனங்கொண்டவர்க்கு, ‘உள்ளுக்கு’, ‘உள்ளில்’ எனத் தமக்குள் எண்ணி ஏனையவற்றையும் அறிதல் எளிது. வீட்டிலிருந்து என்பதற்கு அம்மொழியார் ‘யெம்மெஃப்ரா’ என்பர். நீங்கற்பொருள் தரும் ‘ஃப்ரா’ என்னுஞ் சொல், ‘யெம்’ என்பதனோடு சேராது நிலை குறிக்கும் ‘யெம்மெ’ என்பதனோடே சேர்ந்துள்ளது. தமிழும் ‘வீட்டில்’ என்பதன் மேலன்றோ ‘இருந்து’ என்பதைச் சேர்க்கின்றது! தொடர்பில்லாத இரு மொழிகள் இவ்வாறு ஒத்துச் செல்லுதல் வியக்கற்பாலது. பழைய நோர்ஸ் மொழியில் நீங்கலுக்கும் ‘ஹேய்மன்’ எனத் தனிச்சொல் இருந்தது. இன்றைய வழக்கில் அதனிடத்தை இக்கூட்டுச்சொல் பெற்றுள்ளது.

வினை இயக்கங் குறித்தால் முதல் வடிவம், அன்றேல் இரண்டாம் வடிவம் எனச் சூத்திரம்போல் மனனஞ் செய்வார் வழுவுவர். ‘பார்ணா லோப்பெர் ஊத்’ என்றால் பிள்ளைகள் வீட்டினின்றும் வெளியே ஓடுகின்றனர் என்பது பொருள். ‘பார்ணா லோப்பெர் ஊத்தெ’ என்றால் அவர்கள் முன்னரே வெளியிலிருந்து அங்கு ஓடி விளையாடுகின்றனர். வினை ஒன்றே, அதுவும் இயக்கவினையே. ஓரிடம் விட்டு ஓரிடம் புகுதல் உண்டா என்பதே வினாவாகும். தெருவோரத்து வீட்டிலே இவ்விரண்டுள் எது சொல்லப்பட்டதென உணராத தாய்க்கு இஃது இலக்கண நுட்பம் மாத்திரமன்று.

சிலவிடத்து வினையடையே வினையின் வேலையையும் செய்யும். ‘யாய் ஸ்கல் யெம்’ என்னுந் தொடரிற் போதல் என்னும் வினை இல்லை. நான் வீட்டுக்குப் போகப்போகிறேன் என்பது ‘யெம்’ என்பதனாலேயே விளங்கும். ‘யெம்மெ’ என்று கூறின் அப்போக்கு மறைந்துவிடும். முன்னோக்குதலைக் குறிக்கும் ‘ஃப்ரம்’ என்பதன் இணையாகிய ‘ஃப்ரம்மெ’, பயணத்தில் ‘வந்து சேர்ந்துவிட்டோம்’ என்னும் பொருளையே தரும். இதற்கு நேரான வினையடை தமிழில் இன்று.

மிகுந்த விழிப்பு வேண்டுவது ‘புர்ட்’, ‘புர்ட்டெ’ என்னும் இணையிலாம். ஒருவர் அவ்விடத்தில்லை என்பதைப் ‘புர்ட்டெ’ உணர்த்தும். போனார் என்னும் பொருளுடைய ‘யிக்’ என்பதனோடு ‘புர்ட்’ சேர்ந்து ‘யிக் புர்ட்’ என்றாயின், நம்மவர் ‘துஞ்சினார்’ என்பதுபோல, இறந்தாரைக் குறிக்கும் மங்கல வழக்காகவும் அது கொள்ளப்படும். தாய் வெளியூர் சென்றிருக்கிறார் என்று சொல்ல விரும்பிய மாணவன் இத்தொடரைக் கூறினால், கேட்டோர் அவனுக்கு ஆறுதல் கூற வருவர்.

‘எங்கே’ எனப் பொருள்படும் ‘வூர்’ என்னும் வினாச்சொல், எங்கே இருக்கிறாய் என்பதற்கும் எங்கே போகிறாய் என்பதற்கும் பொதுவாய் நிற்கும். வினா உதவாதவிடத்தும் விடையிற் பகுத்தே கூறல் வேண்டும். இன்னும், ‘கொம் ஹீத்’ என்றிருக்க வேண்டியவிடத்து, அந்நாட்டார் பலர் பேச்சில் ‘கொம் ஹேர்’ என்றே அழைப்பர். இது கேட்டு இவ்வேறுபாடு முழுவதும் அருகிவிட்டதெனக் கருதுவது பிழை. ‘நான் வீட்டில் இருக்கிறேன்’ என்னுமிடத்து ‘யெம்மெ’ என்பதை விடுத்து ‘யெம்’ என்று அவர் கூறார். ஆதலின், பேச்சிலே தளர்ந்துள்ள ‘ஹேர்’, ‘ஹீத்’ என்பவற்றைப் பிற்படக் கற்பித்து, ‘யெம்’, ‘யெம்மெ’ என்பவற்றை முற்படக் கற்பித்தலே தமிழ் மாணாக்கர்க்கு ஏற்றதாகும்.